டைமிங் பெல்ட் அறுந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பழுதுச் செலவைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடும் முறை

டைமிங் பெல்ட் என்பது என்ஜினின் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடும்படி பார்த்துக்கொள்ளும் பல் பட்டை. அது அறுந்த காரின் உரிமையாளர் மெக்கானிக்கிடம் முதலில் கேட்பது, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். என்ஜினுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்காமல் அந்தக் கேள்விக்கு ஒரே தொகையாக விடை சொல்ல யாராலும் முடியாது. சொன்னால் அதை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது. ஒரு காரில் புதிய பெல்ட்டை மாட்டி மறுநாளே ஓட்டிச் செல்லலாம். இன்னொரு காரில் என்ஜினையே மாற்ற வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் நம் கார் எங்கே நிற்கிறது என்பதைக் குறைந்த செலவில் படிப்படியாகக் கண்டறிவதும், ஒவ்வொரு படியிலும் "இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்லும் உரிமையை நம் கையிலேயே வைத்திருப்பதும் எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

காவிரி டெல்டாவில் இந்தப் பழுதுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மன்னார்குடி, கூத்தாநல்லூர், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்ப்பவர்கள் ஆசையாய் வாங்கி வைத்த கார்கள், ஆண்டின் பெரும்பகுதியைக் கொட்டகையிலேயே கழிக்கின்றன. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., ஃபியட் பாலியோ 1.6, பழைய ஹோண்டா சிட்டி வீடெக் போன்ற வண்டிகளை இன்றும் காதலோடு வைத்திருப்பவர்கள் இப்பகுதியில் இருக்கிறார்கள். "நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பெல்ட்டுக்கு என்ன வந்துவிடும்?" என்று அவர்கள் நினைப்பது இயல்பே. ஆனால் பெல்ட் என்பது கண்ணாடி இழை வடங்களின் மேல் வார்த்த ரப்பர். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வெப்பத்தாலும் காலத்தாலும் இறுகி வெடிக்கிறது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் சேர்த்து, எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தேடிக் கொட்டகைக்குள் வரும் எலிகள் பெல்ட் மூடிக்குள் கூடு கட்டுவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் சித்தப்பா மகனின் கார் அப்படி நின்றிருந்த வண்டிதான். பொங்கலுக்கு ஊர் வந்தவர், நீடாமங்கலத்தைத் தாண்டித் தஞ்சாவூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் என்ஜின் அணைந்தது. ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, இழுவையே இல்லாமல் சுழன்றது. பக்கத்து வயலில் நின்றவர்கள் ஓடிவந்து தள்ளிவிட, இவர் இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் செய்ய மூன்று முறை முயன்றார். பிறகு ஹெட்டை, அதாவது வால்வுகள் பொருந்திய என்ஜினின் மேற்பகுதியைத் திறந்தபோது, பெல்ட் அறுந்த நொடியில் எத்தனை வால்வுகள் வளைந்தன, தள்ளியபோது எத்தனை வளைந்தன என்று எங்களால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன

சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிசகாமல் காப்பதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. முறைப்பாசனத்தில் ஒரு வாய்க்காலின் மதகை இறக்கிய பிறகே அடுத்ததைத் தூக்குவது போல, பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு தன் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும், சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும், ஆனால் கிராங்க் ஷாஃப்ட் தன் வேகத்தில் இன்னும் சில சுற்றுகள் சுற்றும்.

பிஸ்டனின் உச்சிக்கும் திறந்த வால்வுக்கும் இடையில் போதிய இடம் விட்டு வடிவமைத்த என்ஜின்கள் உண்டு. முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 அத்தகையது, அதில் பெல்ட் அறுந்தால் சேதம் பெரும்பாலும் பெல்ட்டோடு நின்றுவிடும். ஆனால் கூடுதல் அழுத்தமும் கூடுதல் திறனும் வேண்டி வடிவமைத்த ஸ்போர்ட்ஸ் என்ஜின்களில் பலவற்றில் அந்த இடைவெளி கிடையாது. 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944-உம், ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் 1.8 லிட்டர் டர்போ என்ஜினும் இந்த இரண்டாம் வகை. அவற்றில் பிஸ்டன் வால்வை அடித்தே தீரும். உங்கள் என்ஜின் எந்த வகை என்பதை, காரின் பெயரை வைத்து அல்லாமல், என்ஜின் குறியீட்டை வைத்து உறுதி செய்யுங்கள். ஒரே பெயரில் விற்ற காரில் ஆண்டுக்கு ஆண்டு என்ஜின் மாறியிருக்கலாம்.

வழியில் நின்றவுடன்

ஓட்டத்தில் என்ஜின் அணைந்தால் உடனே கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வண்டியை ஓரம் கட்டுங்கள். கியரில் விட்டால் சக்கரங்களே என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டரை மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். உதவ வருபவர்களிடம், "ஓரமாகத் தள்ளிவிட்டால் போதுங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பல என்ஜின்களில் பெல்ட்டின் மேல் மூடி கிளிப்பில்தான் மாட்டியிருக்கும். அதை விலக்கிப் பார்த்தாலே பெல்ட் தொங்குவதோ, பல் உதிர்ந்து வழுக்குவதோ தெரியும். பெல்ட் முழுமையாக இருந்தும் பல்வரிசை சில அங்குல நீளத்துக்குச் சீவப்பட்டிருந்தால் விளைவு ஒன்றுதான்.

டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது நம் ஊர் வழக்கம் என்றாலும், என்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும் என்பதால், தட்டு வைத்த ரெக்கவரி வண்டியில் ஏற்றுவதே பாதுகாப்பு. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வாடகை பேசும்போது, திரும்பும் தூரமும் சுங்கக் கட்டணமும் அதில் அடங்குமா என்பதைக் கேட்டுவிடுங்கள். ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறைக்கு வண்டியை மறுபடி ஏற்றி இறக்குவது வீண் செலவு. ஆகவே, எந்தப் பட்டறையில் பழுது பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யும் வரை கார் வீட்டிலேயே நிற்கட்டும். பெல்ட் அறுந்த என்ஜின் ஒரு வாரம் சும்மா நிற்பதால் மேலும் கெடாது. அவசரப்படுவதால்தான் பணம் போகிறது.

முதல் கட்டம்: ஹெட்டைக் கழற்றாமல் சோதிப்பது

இந்தக் கட்டத்துக்கு மட்டும் தனியாகக் கூலி பேசுங்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டை, முதல் பிஸ்டன் மிக மேலே நிற்கும் உச்ச நிலையிலிருந்து கால் சுற்று நகர்த்தினால் நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுப்பகுதிக்கு வந்துவிடும். அதன்பின் கேம் ஷாஃப்ட்டை எந்த வால்வும் இடிக்காமல் கையால் சுழற்றலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் வால்வுகள் அனைத்தும் மூடியிருக்கும் நிலையில் கேமை நிறுத்தி, கிராங்க் சுழன்றுவிடாதபடி பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்த வேண்டும். காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியே சீறினால் இன்டேக் வால்வு வளைந்திருக்கிறது. சைலன்ஸர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாய் வழியே மிகுதியாக வந்தால் பிஸ்டனோ அதைச் சுற்றியுள்ள ரிங்கோ பழுது. இதற்கு வேண்டியது ஒரு கம்ப்ரஸரும், பிளக் துளைக்குப் பொருந்தும் ஓர் இணைப்பும், பொறுமையுள்ள ஒரு மெக்கானிக்கும்தான். புதிய பெல்ட் கூடத் தேவையில்லை. பிளக் துளை வழியே நுழைக்கும் சிறு கேமரா பட்டறையில் இருந்தால், பிஸ்டனின் தலையில் பிறை வடிவத் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

நான்கு சிலிண்டரும் காற்றைப் பிடித்து நிறுத்தினால் நீங்கள் தப்பிவிட்டீர்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப், கேம் மற்றும் கிராங்க் ஆயில் சீல்கள், கூலன்ட் ஆகியவற்றின் விலையும், ஒரு முறைக் கூலியும்தான் செலவு. பழைய வாட்டர் பம்ப்பை அப்படியே விட்டுப் பணத்தை மிச்சப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். பல என்ஜின்களில் அதையும் இந்த பெல்ட்தான் சுழற்றுகிறது, அதன் பேரிங் இறுகினால் புதிய பெல்ட்டும் போய்விடும்.

மேற்கொண்டு போகும் முன், பெல்ட் ஏன் அறுந்தது என்பதற்கு மெக்கானிக்கிடம் விடை வாங்குங்கள். எண்ணெயில் ஊறியதா, டென்ஷனர் உருளை சிக்கியதா, எலி கடித்ததா, வெறும் வயதா என்பது அறுந்த பெல்ட்டையும் உருளைகளையும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தப் பழைய உருப்படிகளைப் பை ஒன்றில் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம்: ஹெட்டைக் கழற்றிய பிறகு

காற்று கசிந்தால் ஹெட்டைக் கழற்றுவது தவிர வேறு வழியில்லை. கழற்றச் சொல்லும் முன், வீட்டில் உட்கார்ந்து உச்சவரம்பு ஒன்றை எழுதி வைத்துவிடுங்கள். வண்டி பிரிந்து கிடக்கும்போது மனம் இளகி, "இவ்வளவு செய்தாயிற்று, இதையும் செய்துவிடுவோம்" என்று போய்விடும். கழற்றும் கூலி, பார்த்த பிறகு வேண்டாம் என்றால் மீண்டும் மூடித் தரும் கூலி ஆகிய இரண்டையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இங்கே செலவை முடிவு செய்வது வால்வுகளின் எண்ணிக்கை. போர்ஷே 944-இன் அடிப்படை மாடலில் 8 வால்வுகள், ஹோண்டா சிட்டி வீடெக்கில் 16, ஆக்டேவியா ஆர்.எஸ். என்ஜினில் சிலிண்டருக்கு ஐந்து வீதம் 20, அதாவது 12 இன்டேக்கும் 8 எக்ஸாஸ்ட்டும். கணக்குக்காக ஒரு வால்வு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 வால்வுக்கு 24,000. 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,320 சேர்ந்து 28,320 ரூபாய். இன்டேக் வால்வுகள் மட்டும் வளைந்து, எக்ஸாஸ்ட் வால்வுகள் நேராக இருப்பது உறுதியானால், அதே கணக்கு 16,992 ரூபாயில் நின்றுவிடும். "எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்" என்று பட்டறையில் சொன்னால், ஒவ்வொரு வால்வையும் லேத்தில் சுழற்றி, தண்டு ஆடுகிறதா என்று உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். நேராக இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. சிறிதளவே வளைந்திருப்பதையும் நிமிர்த்திப் போடக் கூடாது. நிமிர்த்திய வால்வு ஓட்டத்தில் முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால், அதன் பிறகு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே சீராக 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றாகிவிட்டது. பழைய 28 சதவீதக் கணக்கில் யாராவது மதிப்பீடு எழுதித் தந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

வால்வோடு சேர்ந்து வருபவை பட்டியலில் விடுபட்டுவிடும்: வால்வுத் தண்டு நகரும் குழல்களான வால்வு கைடுகள், வால்வு ஆயில் சீல்கள், ஹெட்டுக்கு அடியில் வரும் ஹெட் கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட்டுகள், புதிய ஹெட் போல்ட்டுகள். நீண்டு இறுகும் வகை ஹெட் போல்ட்டுகளை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. இவற்றைத் தனித்தனி வரியாக, தயாரிப்பாளர் பெயரோடும் பாக எண்ணோடும் எழுதி வாங்க வேண்டும். "ஹெட் வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிய மதிப்பீட்டில் எது புதியது, எது பழையது என்று பின்னர் கேட்க முடியாது.

லேத் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டெல்டாவின் சிறு நகரங்களில் உள்ள லேத் பட்டறைகள் ஆயில் என்ஜினுக்கும் டிராக்டருக்கும் வால்வு மூடும்போது அமரும் இடமான வால்வு சீட்டை வெட்டுவதில் தலைமுறை அனுபவம் உள்ளவை. அவர்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் டிராக்டரின் தடித்த வால்வு வேறு, ஆறேழு மில்லிமீட்டர் தண்டு கொண்ட பல வால்வு என்ஜினின் ஹெட் வேறு. கைடை மாற்றி, அதன் உள்விட்டத்தைச் சரியளவுக்குக் கொண்டுவந்து, அந்த மையத்திலிருந்தே சீட்டை வெட்டும் கருவி அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஹெட்டை மட்டும் திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்புங்கள்; கார் கும்பகோணத்திலேயே நிற்கலாம், ஹெட்டைத் துணி சுற்றி மரப்பெட்டியில் கொண்டுபோய்விடலாம். வேலை முடிந்து வந்ததும், ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எரியறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, சற்று நேரம் கழித்து வால்வின் பின்புறம் ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள். ஹெட்டின் அடிப்பரப்பு நேராக இருக்கிறதா என்பதை எஃகு அளவுகோலும், மெல்லிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தேவையின்றி அந்தப் பரப்பைச் சீவி ஃபேஸிங் அடித்தால் ஹெட்டின் உயரம் குறைந்து, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி இன்னும் சுருங்கும்.

சில டர்போ என்ஜின்களின் எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டு உள்ளீடற்றதாக, சோடியம் நிரப்பியதாக இருக்கும். பழைய வால்வை ஞாபகத்துக்காக அறுத்துப் பார்க்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம். சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றி வெடிக்கும்.

ஹெட் கழன்றிருக்கும்போதே பிஸ்டன்களையும் பார்த்துவிட வேண்டும். தலையில் மேலோட்டமான தழும்பு மட்டும் இருந்தால், கூர்மையான விளிம்பைத் தேய்த்துவிட்டு அப்படியே பயன்படுத்தலாம். வெடிப்பு இருந்தால் பிஸ்டனை மாற்ற வேண்டும். நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக உச்ச நிலைக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேற்பரப்பிலிருந்து அவற்றின் உயரத்தை டயல் கேஜால் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது என்று பொருள். இந்த அளவைப் பலர் எடுப்பதில்லை. புது ஹெட்டோடு மூடிய என்ஜின் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி தட்டத் தொடங்குவதற்கு அதுவே காரணமாகலாம்.

மூன்றாம் கட்டம்: என்ஜினை மாற்றுவதா, நிறுத்துவதா

வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்திருந்தால் பிஸ்டன், சிலிண்டர் சுவர், ஹெட் மூன்றும் சேதமாகியிருக்கும். டர்போ காரில் அந்தத் துண்டு எக்ஸாஸ்ட் வழியே போய் டர்பைனின் இதழ்களையும் நறுக்கியிருக்கலாம். அப்போது, பழைய என்ஜினைச் சீர்செய்யும் தொகையையும், வேறொரு என்ஜினை வாங்கி மாட்டும் தொகையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய என்ஜின் கிடைக்கும். ஆனால் என்ஜின் எண் குறிப்பிட்ட ரசீதும், அந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது என்பதற்கான ஆவணமும் இல்லாமல் வாங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின் கீழ் இந்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, பதிவுச் சான்றில் புதிய என்ஜின் எண்ணைப் பதிய வேண்டும். இந்த அலைச்சலையும் செலவாகவே கணக்கிடுங்கள். வாங்கிய என்ஜினுக்கும் புது பெல்ட் தொகுதி மாட்ட வேண்டும். அதன் பெல்ட்டின் வயதை யாரும் அறியார்.

காரின் வயதையும் பாருங்கள். 15 ஆண்டு கடந்த தனியார் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்ததற்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். தகுதிச் சோதனையில் தேற அடிச்சட்டமும் நன்றாக இருக்க வேண்டும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்றில் நின்ற காராக இருந்தால், என்ஜினுக்குப் பணம் போடும் முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு தின்ற கூட்டுக்குள் நல்ல என்ஜினை வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கூடு நன்றாக இருந்தால், காரின் சந்தை விலையை மீறினாலும் பழுது பார்ப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. இந்த வண்டிகள் இனி வரப்போவதில்லை.

காப்பீட்டை நம்பித் திட்டமிடாதீர்கள். வழக்கமான மோட்டார் பாலிசி, தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் தெளிவாக விலக்குகிறது. மாறாக, அண்மையில்தான் பெல்ட் மாற்றிக் கட்டணம் செலுத்தியிருந்து, வேலைக் குறைபாட்டால் அது அறுந்திருந்தால், அந்த ரசீதும் நீங்கள் பையில் வாங்கி வைத்த பழைய உருப்படிகளும் சான்றாகும். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. எதிர்த்தரப்பு "வேறு காரணத்தால் அறுந்தது" என்று சொல்லும் என்பதால், ஹெட்டைக் கழற்றும் முன்பே படங்கள் எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள்.

மூடிய பிறகு

புதிய பெல்ட்டை மாட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடும் முன், கிராங்க்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கேமிலும் கிராங்க்கிலும் உள்ள டைமிங் குறிகள் அனைத்தும் மீண்டும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்கேயாவது இடித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். வலுவைக் கூட்டிச் சுற்றக் கூடாது. பிறகு நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் எழுதி வாங்குங்கள். இறுதித் தொகையை அந்தத் தாளுக்குப் பிறகே கொடுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவதற்கான பணத்தை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்தப் பயன்படுத்திய லேப்பிங் பசையின் மிச்சமும் உலோகத் துகளும் அந்த எண்ணெயோடு வெளியேறும்.

பெல்ட் மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும், அடுத்து மாற்ற வேண்டிய ஆண்டையும் மூடியின் மேல் பெயின்ட்டால் எழுதச் சொல்லுங்கள். என் சித்தப்பா மகன் சிங்கப்பூர் திரும்பும் முன் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். சாவியை என்னிடம் கொடுத்து, மாதம் இருமுறை வண்டியை ஓட்டிவிட்டு, மூடியைத் திறந்து எலி வந்திருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் ஒப்படைத்திருக்கிறார்.